காட்டைக் காப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்களா?

சத்தீஸ்கர் மாநிலம் சர்குஜா மாவட்டத்தில் காட்பர்ரா என்றொரு பழங்குடிக் கிராமம் உள்ளது. 2013ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டத்தின்கீழ் அக்கிராமத்துக்குச் சமூக வன உரிமைப் பட்டா வழங்கப்பட்டது. 2016 ஜனவரி 8 அன்று அது ரத்து செய்யப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைத் தோழர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். கிராம மக்கள் தமக்குக் கிடைத்த உரிமையைக் காட்டி நிலக்கரிச் சுரங்கப் பணியைத் தடுக்கிறார்களாம்!

வேறு எதற்காக அந்த உரிமை கொடுக்கப்பட்டது? சட்டத்தைத் திறந்து பார்ப்போம். சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும், மீட்டுருவாக்கவும், பேணவும், நிர்வகிக்கவும் வனவாழ் மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது 3ஆம் பிரிவு. வன உயிர்களையும் காட்டையும் பல்லுயிர் வளத்தையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது 5ஆம் பிரிவு. காட்டை அழிக்க வந்தவனைத் தடுத்தது இச்சட்டத்தின்படி குற்றமன்று. சட்டம் அவர்களிடம் ஒப்படைத்த பணி. அப்பணியைச் செய்தார்கள் என்பதற்காகவே உரிமை பறிக்கப்பட்டது. ஒருமுறை ஏற்கப்பட்ட சமூக உரிமையை ரத்து செய்யும் அதிகாரத்தை இச்சட்டம் எந்த அதிகாரிக்கும் எந்த இடத்திலும் வழங்கவில்லை.

அரசுத் தரப்பு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. பட்டா கொடுப்பதற்கு முன்பே, 2012இலேயே அந்நிலம் சுரங்கத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே பட்டாவே தவறாக வழங்கப்பட்டது என்பது அவ்விடை. ஆனால் வன உரிமைகளை முடிவு செய்து, கிராம சபையின் ஒப்புதலையும் பெற்ற பிறகே வனநிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும் என்று 2009 ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியது ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகமேதான். உரிமையைத் தீர்க்காமல் நிலத்தை மாற்றியது முதல் தவறு. அத்தவற்றையே சான்றாகக் காட்டி உரிமையை மறுப்பது இரண்டாவது. திருடிய பொருள் தன் வீட்டில் இருக்கிறது என்பதையே உரிமைச் சான்றாக நீட்டும் வாதம் இது.

காடும் அதன் அடியிலுள்ள கரியும்

ஹஸ்தேவ் அரண்ட் எனப்படும் காடு சர்குஜா, சூரஜ்பூர், கோர்பா மாவட்டங்களில் சுமார் 1,70,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ளது. மத்திய இந்தியாவில் பெருமளவு துண்டாடப்படாமல் எஞ்சியிருக்கும் காடுகளுள் ஒன்று. சால மரமும் இலுப்பையும் பீடி இலை தரும் தெந்துவும் நிறைந்தது. மகாநதியின் துணையாறான ஹஸ்தேவ் இதனூடே ஓடிப் பாங்கோ அணையை நிரப்புகிறது. அந்த அணையின் நீர்தான் ஜாஞ்ச்கீர்-சாம்பா சமவெளியின் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. மேலே கோண்டு மக்களின் காடு. கீழே சமவெளி விவசாயியின் கழனி. இரண்டையும் இணைப்பது அந்த ஆறு. காட்டைக் காப்பது காட்டுவாசியின் சொந்த விவகாரம் என்று கருதுவோர் இந்த நீரின் வழியைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் காட்டின் அடியில் நிலக்கரி இருக்கிறது. இக்காட்டைச் சுரங்கத்துக்குத் திறக்கக் கூடாத பகுதி என்று முதலில் வகைப்படுத்தியது ஒன்றிய அரசுதான். 2011இல் பர்சா கிழக்கு - கேதே பாசன் என்னும் சுரங்கத் தொகுதிக்கு அனுமதி தரலாகாது என்று வன ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. அன்றைய காங்கிரஸ் அமைச்சர் அப்பரிந்துரையை ஒதுக்கிவிட்டு அனுமதி வழங்கினார். 2014 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சுரங்கப் பணி தொடர வழிவிட்டது. சுரங்கத் தொகுதி ராஜஸ்தான் அரசின் மின் உற்பத்திக் கழகத்துக்கு ஒதுக்கப்பட்டது. தோண்டி எடுக்கும் ஒப்பந்தம் அதானி குழுமத்திடம் உள்ளது. பொதுத்துறையின் பெயரில் ஒதுக்கீடு, தனியார் கையில் மண்வெட்டி! நிலக்கரித் துறையில் தனியார்மயத்தை எதிர்த்துவரும் நமது தொழிற்சங்கத் தோழர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது.

இதனை எதிர்த்து நிற்பது யார்? ஹஸ்தேவ் காட்டைக் காக்கும் போராட்டக் குழு என்ற பெயரில், காட்டின் கிராமங்கள் தாமே கட்டிய அமைப்பு. கிராம சபைகள் கூடி, இங்கே நிலக்கரி ஏலம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றின. 2015இல் காங்கிரசின் ராகுல் காந்தி மதன்பூருக்கே வந்து மக்களோடு அமர்ந்து ஆதரவளிப்பதாக உறுதி கூறிச் சென்றார். பிறகு சத்தீஸ்கரில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. 2021 அக்டோபரில் அதே மக்கள் தமது கிராமங்களிலிருந்து தலைநகர் ராய்ப்பூர் வரை சுமார் 300 கிலோமீட்டர் நடந்தார்கள். 2022 மார்ச்சில் ஹரிஹர்பூரில் காலவரையற்ற தர்ணா தொடங்கினார்கள். அந்த மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான், பழைய சுரங்கத்தின் இரண்டாம் கட்டத்துக்கும் பர்சா என்னும் புதிய சுரங்கத்துக்கும் காங்கிரஸ் மாநில அரசு இறுதி ஒப்புதல் வழங்கியது. பெண்கள் மரங்களைக் கட்டித் தழுவிக்கொண்டு நின்றார்கள். எதிர்ப்பு முற்றியதும் ஜூலையில் அதே அரசு, ஹஸ்தேவிலுள்ள சுரங்க ஒதுக்கீடுகள் அனைத்தையும் ரத்து செய்யுமாறு ஒன்றிய அரசைக் கோரும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் ஏகமனதாக நிறைவேற்றியது. ஏகமனதாக என்பதைக் கவனியுங்கள். பாஜக உறுப்பினர்களும் அதில் அடக்கம்.

2023 டிசம்பரில் பாஜக ஆட்சி பொறுப்பேற்றது. பத்து நாட்கள் கழிவதற்குள், டிசம்பர் 21 அன்று, காவல்துறையின் காவலோடு மரம் வெட்டும் பணி தொடங்கியது. போராட்டக் குழுவினர் பலர் முன்கூட்டியே பிடித்து வைக்கப்பட்டனர். சுமார் 91 ஹெக்டேரில் பதினைந்தாயிரம் மரங்கள் வீழ்ந்தன. சட்டமன்றத்தில் கை தூக்கியபோது இருந்த மனம் இப்போது எங்கே போயிற்று என்று எந்தத் தொலைக்காட்சி நெறியாளரும் கேட்கவில்லை. இரட்டை என்ஜின் அரசு என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது உண்மைதான். இரண்டு என்ஜின்களும் ஒரே சுரங்கத்தை நோக்கித்தான் ஓடுகின்றன.

பர்சா சுரங்கத்துக்குச் சாலி, ஹரிஹர்பூர், ஃபதேபூர் கிராம சபைகள் ஒப்புதல் அளித்துவிட்டதாகக் கோப்புகளில் தீர்மானங்கள் உள்ளன. அப்படி ஒரு தீர்மானமே நாங்கள் நிறைவேற்றவில்லை என்று அந்தக் கிராம மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். மாநிலப் பழங்குடியினர் ஆணையம் விசாரித்து, அத்தீர்மானங்கள் போலியானவை என்ற முடிவுக்கு 2024இல் வந்தது. ஐந்தாம் அட்டவணைப் பகுதியில், பெசா சட்டம் நடைமுறையிலுள்ள இடத்தில், கிராம சபையின் பெயரால் போலி ஆவணம்! காட்டிலிருந்து ஒரு கட்டு விறகு எடுத்த பெண்மீது வழக்குப் போடும் அரசு, முழுக் காட்டையும் எடுக்கத் துணைநின்ற காகிதத்தைத் தயாரித்தவன்மீது கைவைக்கவில்லை.

யானை எங்கே போகும்?

ஹஸ்தேவ் யானைகளின் வாழிடம். டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனம் 2021இல் அளித்த அறிக்கை ஒரு முரணைச் சுட்டிக்காட்டுகிறது. இந்தியாவின் காட்டு யானைகளில் ஒரு விழுக்காடுகூடச் சத்தீஸ்கரில் இல்லை. ஆனால் நாட்டில் யானைகளால் நேரும் மனித மரணங்களில் 15 விழுக்காட்டுக்கும் மேல் அம்மாநிலத்தில்தான் நிகழ்கின்றன. ஆண்டுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிகிறார்கள். வாழிடம் சிதைந்த யானை வேறு எங்கே போகும்? வயலுக்கு வரும், குடிசைக்கு வரும். மேலும் சுரங்கங்களைத் திறந்தால் இம்மோதல் சமாளிக்க முடியாத அளவுக்குப் போகும் என்று அரசின் சொந்த நிறுவனமே எச்சரித்தது.

யானை மிதித்துச் செத்தவர்களின் பட்டியலில் ஒரு சுரங்க முதலாளியின் பெயரோ, அனுமதியில் கையெழுத்திட்ட செயலாளரின் பெயரோ இருக்காது. இலுப்பைப் பூ பொறுக்கப் போன மூதாட்டியும் இரவில் வயல் காக்கப் படுத்த விவசாயியும்தான் இருப்பார்கள். செய்தித்தாள்கள் இதனை மனித - விலங்கு மோதல் என்று எழுதுகின்றன. அச்சொல்லில் ஒரு சூது உள்ளது. மோதலை உண்டாக்கிய மூன்றாமவன் அச்சொல்லுக்குள் தென்படுவதில்லை.

லெம்ரு யானைக் காப்பகத்தின் கதையும் இதுவே. 2005இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய காப்பகம், நிலக்கரியின் காரணமாக ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்து, 2021இல்தான் 1,995 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. யானைக்கு எல்லை வகுத்தவர்கள் முதலில் நிலக்கரிக்கு எல்லை வகுத்துவிட்டு மீதியைத்தான் யானைக்குக் கொடுத்தார்கள்.

மற்றொரு பக்கத்திலிருந்து வரும் அடி

சுரங்க முதலாளி ஒரு பக்கம் என்றால், மறுபக்கத்தில் வேறொரு கூட்டம் நிற்கிறது. இவர்கள் புலியின் பெயரால் பேசுவார்கள். மக்கள் இல்லாத காடே தூய காடு என்பது இவர்களது கொள்கை. வன உரிமைச் சட்டம் காடுகளை அழித்துவிடும் என்று இவர்களுள் சில அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு மாநில அரசுகளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் தலைமேல் கத்தி தொங்கியது. சட்டத்தைக் காக்க வேண்டிய ஒன்றிய அரசு அவ்வழக்கில் வாய் மூடி நின்றது. நாடு முழுவதும் பழங்குடி அமைப்புகளும் இடதுசாரி விவசாய இயக்கங்களும் தெருவில் இறங்கிய பிறகே, பிப்ரவரி 28 அன்று உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்திவைக்கப்பட்டது, அவ்வளவே.

2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் இன்னும் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் உள்ளன. இவர்களை இடம்பெயர்ப்பதற்கு முன்னுரிமை தருக என்பது அதன் சாரம். உரிமைகளை ஏற்றுச் சரிபார்க்கும் பணி முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு. மக்களும் விலங்கும் சேர்ந்து வாழவே முடியாது என்று அறிவியல் முறையில் நிறுவிய பிறகே, கிராம சபையின் சுதந்திரமான ஒப்புதலோடு இடம்பெயர்க்கலாம் என்பதும் சட்டம்தான். ஆணையத்தின் அவசரம் இந்தப் படிகளுக்குக் காத்திருக்கவில்லை.

புலியை உண்மையில் தொலைத்தது யார்? ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் வனத்துறையின் கணக்கேட்டில் புலிகள் இருந்தன. 2005இல் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் 2009இல் அதே கதை மறுபடி நடந்தது. துப்பாக்கியும் ஜீப்பும் அதிகாரமும் கையிலிருந்த துறைக்குப் புலி இல்லை என்பதே தெரியவில்லை. வேட்டைக் கும்பலுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைக்கு வருவோம். தமிழகத்தின் சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய மலை அது. எல்லையின் இருபுறமும் சோலிகர் மக்கள் வாழ்கிறார்கள். 1974இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது இவர்கள் காட்டின் உட்பகுதியிலிருந்து விரட்டப்பட்டார்கள். உதிர்ந்த சருகுக்கு ஆண்டின் தொடக்கத்தில் சிறு தீ வைக்கும் அவர்களது பழைய வழக்கமும் தடைசெய்யப்பட்டது. அந்தத் தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி புதராக மண்டிப் புல்லை மூடியது. நெல்லி மரங்களை ஒட்டுண்ணி பிடித்தது என்று சோலிகர் சொல்கிறார்கள். அம்மலையில் ஆய்வு செய்தவர்களும் அவர்கள் கூற்றில் உண்மை இருப்பதைக் கண்டார்கள். 2011இல் அது புலிகள் காப்பகம் ஆயிற்று. அதே ஆண்டில், நெடும் போராட்டத்துக்குப் பின், 25 சோலிகர் குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் இத்தகைய உரிமை ஏற்கப்பட்ட முதல் நிகழ்வு இது. 2010இல் 35 என மதிப்பிடப்பட்ட புலிகள் 2014இல் 68 ஆயின.

சோலிகரால் மட்டுமே புலி பெருகியது என்று நாம் வாதிடவில்லை. கணக்கெடுப்பு முறை, அண்டைக் காடுகளிலிருந்து வந்து சேர்ந்த புலிகள் என வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் மக்கள் இருந்தால் புலி இராது என்னும் சூத்திரம் அம்மலையில் உடைந்து கிடக்கிறது. அதை எடுத்து ஒட்டுவதற்கு எவரும் முன்வரவில்லை.

வனத்துறையின் அதிகாரம் எதுவரை போகும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தல் என்று காரணம் சொல்லி வாச்சாத்திக்குள் நுழைந்த படை அங்கே என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். 215 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. காட்டைக் காப்பதாகச் சொல்லித்தான் அவர்களும் மலையேறினார்கள்.

வாசலில் சாத்திய தடி

ஒடிசாவின் நயாகர் மாவட்டத்தில் தேங்காபள்ளி என்றொரு முறை உள்ளது. தேங்கா என்றால் தடி. பள்ளி என்றால் முறைவைப்பு. ஒவ்வொரு நாளும் சில பெண்கள் தடியோடு காட்டைச் சுற்றி வருவார்கள். மாலையில் திரும்பியதும் அந்தத் தடியை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிடுவார்கள். நாளைக்குக் காவல் அந்த வீட்டுப் பெண்ணுடையது. சம்பளம் இல்லை, சீருடை இல்லை, வயர்லெஸ் இல்லை. மரம் வெட்ட வருபவனை மறிப்பது, தீப்பிடித்தால் தழையடித்து அணைப்பது, எந்தப் பருவத்தில் எதைப் பறிக்கலாம், எதைப் பறிக்கக் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்வது ஆகிய அனைத்தும் இம்முறைக்குள் அடக்கம். மொட்டையாகிப் போயிருந்த குன்றுகள் இப்பெண்களின் காவலில் மீண்டும் காடாகியுள்ளன.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்னும் கோண்டு கிராமம் 2009இல் 1,809 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்றது. ஆனாலும் அக்காட்டின் மூங்கிலை விற்கும் அனுமதிச் சீட்டுக்காக மேலும் இரண்டாண்டு வனத்துறையோடு போராட வேண்டியிருந்தது. காகித ஆலைக்கு அடிமாட்டு விலையில் மூங்கிலைக் கொடுத்த துறைக்கு, ஊர் அதே மூங்கிலைச் சந்தை விலைக்கு விற்பது பொறுக்கவில்லை. 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. பன்னிரண்டில் ஒன்றுகூடப் பிறழவில்லை.

இந்த எடுத்துக்காட்டுகளைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. கிராமம் என்றாலே தூய்மை, கிராம சபை என்றாலே ஜனநாயகம் என்று கனவு காண்பது நமது மரபன்று. அங்கேயும் ஆதிக்க சாதி உண்டு, ஒப்பந்ததாரரின் ஆள் உண்டு, பணத்துக்கு மடங்கும் சர்பஞ்ச் உண்டு. கூட்டத்துக்கு வராத பெண்ணின் கைநாட்டு தீர்மானப் புத்தகத்தில் தானாக வந்து அமர்ந்துகொள்வதும் உண்டு. சுரங்க நிறுவனம் ஒரு கிராமத்துக்குள் நுழைந்ததும் முதலில் செய்வது அதனை இரண்டாக உடைப்பதுதான். வேலை கிடைக்கும் என்று நம்பும் இளைஞன் ஒரு பக்கம், நிலம் போகும் என்று அஞ்சும் தாய் மறுபக்கம். இந்த உடைப்பைத் தடுக்க அமைப்பு வேண்டும், அரசியல் வேண்டும். தொண்டு நிறுவனத்தின் மூன்றாண்டுத் திட்டம் அதைச் செய்யாது.

ஒரு தீவின் காட்டுக்கு அரியானாவில் பரிகாரம்

உள்ளூர் மக்களின் கை ஓங்கிய இடங்களையெல்லாம் கண்ட ஒன்றிய அரசு சட்டத்தையே மாற்றத் தொடங்கியது. 2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், கிராம சபையின் ஒப்புதலுக்கு முன்பே ஒன்றிய அரசு இறுதி அனுமதி வழங்க வழிசெய்தன. அனுமதி கிடைத்த பின் கேட்கப்படும் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப் போன்றது அது. 2023இல் வந்த வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், பன்னாட்டு எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் தேசப் பாதுகாப்பு எனக் குறிக்கப்படும் சாலை, ரயில் முதலிய திட்டங்களுக்கு அனுமதியே தேவையில்லை என்றது. வடகிழக்கு மாநிலங்களின் வரைபடத்தை எடுத்து நூறு கிலோமீட்டர் அளந்து பாருங்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று. உயிரியல் பூங்காவும் சஃபாரியும் காட்டைச் சார்ந்த நடவடிக்கைகள் என்று அதே சட்டம் விதிவிலக்கு அளித்தது. பீடி இலை பறிப்பவர் ஆக்கிரமிப்பாளர். சஃபாரி ஜீப் காட்டின் உறவினர்.

வெட்டிய காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடுகிறோம் என்பது மற்றொரு மோசடி. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு மாற்றப்படுகிறது. தோணியாமைகள் முட்டையிட வரும் கலத்தியா விரிகுடாவின் சரணாலயத் தகுதி 2021இல் நீக்கப்பட்டது. ஷோம்பென் மக்களின் வாழிடம் அது. அங்குள்ள பழங்குடி மன்றம் தான் முதலில் கொடுத்த தடையின்மைச் சான்றை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. இத்தனைக்கும் பரிகாரமாக மரம் நடப்போவது எங்கே? இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அரியானாவில்! நிக்கோபார் கடற்கரையின் ஆமை ஆரவல்லிக் குன்றில் ஏறி முட்டையிடும் என்று நம்புகிறார்கள் போலும்.

நம்மிடையே உள்ள கேள்விகள்

கிளைக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. யானை, புலி, பறவை என்பதெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு. நமக்குக் கூலிப் பிரச்சினையும் நிலப் பிரச்சினையும் போதும் என்பது அப்பேச்சு. இப்படிச் சொல்லும் தோழர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்டலாம். 1842இல் இளம் மார்க்ஸ் ரைன் மாகாணச் சட்டமன்றத்தை எதிர்த்து எழுதியது எதைப் பற்றி? காட்டில் உதிர்ந்து கிடந்த விறகைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்கள் என்று ஆக்கிய சட்டத்தைப் பற்றி. பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மை முதன்முதலில் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்று என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டார். காடு யாருடையது என்பது நமது மரபின் தொடக்கக் கேள்விகளுள் ஒன்று. அதனை யாரோ பறவை பார்ப்பவர்களின் கையில் விட்டுவிட்டு நாம் ஒதுங்கியது நமது குறை.

நிலக்கரி வேண்டாமென்றால் மின்சாரத்துக்கு என்ன செய்வது, சுரங்கத் தொழிலாளியின் வேலை என்னாவது என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஹஸ்தேவ் மக்கள் நாட்டிலுள்ள எல்லாச் சுரங்கங்களையும் மூடச் சொல்லவில்லை. தமது காட்டைப் புதிதாகத் திறக்காதே என்றுதான் கேட்கிறார்கள். ஏற்கெனவே இயங்கும் சுரங்கத்தில் எஞ்சியுள்ள நிலக்கரியே ராஜஸ்தானின் மின்நிலையத் தேவைக்கு இன்னும் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் போதும். புதிய சுரங்கம் தேவையில்லை என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது சத்தீஸ்கர் அரசு. ஆகவே இங்கே மோதுவது மின்சாரமும் மரமும் அல்ல. தோண்டத் தோண்ட லாபம் வரும் ஒப்பந்தம் ஒரு பக்கம், காட்டை நம்பி வாழும் மக்கள் மறுபக்கம். பொதுத்துறைச் சுரங்கத்தின் நிரந்தரத் தொழிலாளியும் தனியார் ஒப்பந்தச் சுரங்கத்தின் தினக்கூலியும் ஒன்றல்ல என்பதை நமது சங்கங்கள் நன்கறியும். இருவரையும் இணைத்து நிறுத்தும் பொறுப்பு நம்முடையது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். வன உரிமைச் சட்டம் நிறைவேறியதில் இடதுசாரிகளின் பங்கு சிறிதன்று. 1980 என்றிருந்த தகுதிநாளை 2005 டிசம்பர் 13க்கு நகர்த்தவும், பழங்குடி அல்லாத வனவாழ் மக்களைச் சட்டத்துக்குள் கொண்டுவரவும் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் இடதுசாரிகள் அழுத்தம் கொடுத்தார்கள். ஆனால் சட்டம் வந்த பிறகு நாம் செய்த வேலை பெரும்பாலும் தனிநபர் பட்டாவோடு நின்றுவிட்டது. இரண்டு ஏக்கருக்குப் பட்டா வாங்கித் தருவது கண்ணுக்குத் தெரியும் வெற்றி. குடும்பம் நன்றி சொல்லும், உறுப்பினர் பதிவும் கூடும். ஊரின் மரபெல்லை முழுவதற்கும் சமூக வன வள உரிமை கோருவது நீண்ட, சலிப்பூட்டும் வேலை. அதைப் பல இடங்களில் தொண்டு நிறுவனங்களிடம் விட்டுவிட்டோம். விளைவு? பட்டா பெற்றவரின் இரண்டு ஏக்கரைச் சுற்றியுள்ள காடு வனத்துறையிடமே இருக்கிறது. நாளை அதை அந்தத் துறை சுரங்கத்துக்குக் கொடுத்தால், பட்டாவை வைத்துக்கொண்டு நடுவிலே நிற்க வேண்டியதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த காட்கில் குழுவின் அறிக்கை 2011இல் வந்தபோதும், அதிலிருந்த கிராம சபை அதிகாரம் பற்றிய பகுதியை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? அறிக்கையைப் பற்றிய வதந்தியைத்தான் பலரும் படித்தோம்.

ஆதிவாசி, வனவாழ் மக்கள் நடுவே பணிபுரியும் ஒவ்வொரு வட்டாரக் குழுவும் தனது பகுதியில் எத்தனை கிராமங்களுக்குச் சமூக வன வள உரிமை கிடைத்துள்ளது, எத்தனை கோரிக்கை நிலுவையில் உள்ளது, எத்தனை ஊர்களில் கோரிக்கையே வைக்கப்படவில்லை என்று கணக்கெடுக்க வேண்டும். பல இடங்களில் மூன்றாவது எண்தான் பெரிதாக இருக்கும் என்பது நமது ஊகம். அதற்குரியது படிவம் சி. ஊராட்சிக் கூட்டத்தை வைத்து இதை நிரப்பிவிட முடியாது. குக்கிராம அளவிலான கிராம சபை கூட வேண்டும். வயது வந்தோரில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். எல்லையைச் சொல்ல வேண்டியவர்கள் ஊரின் முதியவர்கள்: எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தத் தெய்வத்தின் தோப்பு என்று அவர்களோடு நடந்து குறிக்க வேண்டும். அண்டை ஊரின் எல்லையோடு தகராறு வரும். வரட்டும், இரண்டு ஊரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். யானை எந்த மாதத்தில் எந்த வழியாகக் கடக்கிறது என்பதையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். தீர்மானத்தின் ஒரு நகல் ஊரிலும் ஒரு நகல் நமது அலுவலகத்திலும் இருக்கட்டும். சாலியிலும் ஃபதேபூரிலும் நடந்ததைப் போல நாளை ஒருவன் போலித் தீர்மானத்தோடு வந்தால், எதிரே நீட்டுவதற்கு உண்மையான தாள் நம் கையில் இருக்க வேண்டும்.